மழையைச் சேமிக்க ஒரு வரி: காசிமேடு கொடுக்குமா?

வட சென்னைக் காசிமேட்டில் ஒரு வீட்டுக்குள் தண்ணீர் மூன்று நான்கு வழிகளில் வந்து சேர்கிறது. வாசலில் அடிபம்பு இருக்கும். மெட்ரோ வாட்டர் எத்தனை மணிக்கு வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பது வீட்டுப் பெண்களுக்கு அத்துப்படி. தெருமுனையில் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி. அது நிரம்ப லாரி வரவேண்டும். குடிக்க இருபது லிட்டர் கேன். போர் போட்டவர்களும் உண்டு. ஆனால் அந்த உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. பாத்திரம் கழுவவும் கழிப்பறைக்கும் ஆகும், அவ்வளவுதான்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. குழாய்க்குக் குடிநீர் வாரியத்தின் கட்டணம், கேனுக்கு ரொக்கம், போருக்குக் கரண்ட் பில். தொட்டித் தண்ணீர் இலவசம் என்பார்கள். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, மீன் ஏலத்துக்கும் போக முடியாமல் லாரிக்காக நிற்கும் பெண்ணின் ஒரு மணி நேரம் அந்தக் கணக்கில் வராது. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால், பல வீடுகளில் வாரியத்துக்குக் கட்டுவதைவிடக் கேன் கடைக்குக் கொடுப்பதே அதிகம். தண்ணீருக்கான கூடுதல் வரியை வட சென்னை ரசீது இல்லாமல் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த ஊரில் போய், "உங்கள் தண்ணீர் பில்லில் இன்னும் ஒரு சிறு தொகை சேர்க்கிறோம், அந்தப் பணத்தில் மழைநீரைப் பிடித்து நிலத்தடி நீரை மீட்கிறோம்" என்று சொன்னால் என்ன பதில் கிடைக்கும்?

இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. 2024 நவம்பரில் கர்நாடக வனத்துறை அமைச்சர் ஈஸ்வர் காந்த்ரே, மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கும் ஆறுகளை நம்பியிருக்கும் நகரங்களில் குடிநீர் பில்லோடு ஒரு சிறு பசுமை வரி வசூலிக்கலாம், அந்த மலைக் காடுகளைக் காக்க அதைச் செலவிடலாம் என்று திட்டம் தயாரிக்கச் சொன்னார். தென் அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் இப்படி ஒரு தொகை பல ஆண்டுகளாக வசூலாகிறது. சென்னை ரசீதில் இன்னும் இல்லை. வருவதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது.

சென்னைக் குடிநீர் வாரியம் 1978-ல் தனிச் சட்டத்தின் கீழ் உருவானது. அது நம்மிடம் இரண்டு விதமாகப் பணம் வாங்குகிறது. சொத்தின் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம், குடிநீர், கழிவுநீர் வரியாக அரையாண்டுக்கு ஒருமுறை. அதற்கு மேல் தண்ணீர்க் கட்டணம். பெரும்பாலான வீடுகளுக்கு மீட்டர் கிடையாது. நாளைக்குப் பத்துக் குடம் பிடிப்பவருக்கும், மோட்டார் போட்டு மாடித் தொட்டியை நிரப்புபவருக்கும் ஒரே தொகைதான். பல ஆண்டுகள் அது மாதம் 50 ரூபாயாக இருந்தது. பிறகு படிப்படியாக ஏற்றப்பட்டது. இந்தப் பணம் தண்ணீரைத் தொலைவிலிருந்து கொண்டுவரவும் கழிவை அகற்றவும் போகிறது. விழுந்த இடத்திலேயே மழையைப் பிடிக்கும் வேலைக்கு அந்த ரசீதில் தனி இனம் ஏதும் கிடையாது.

கொடுத்தே பழகிய வடக்கு

நகரத்துக்குத் தண்ணீர் கொடுப்பது வட சென்னைக்குப் புதிதல்ல. 1772-ல் ஆங்கிலேயர் அமைத்த முதல் குடிநீர்த் திட்டமே இங்குள்ள ஏழு கிணற்றிலிருந்துதான் தொடங்கியது. கேப்டன் பேக்கர் என்ற அதிகாரி தோண்டிய கிணறுகளிலிருந்து இறைத்த தண்ணீர் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குப் போனது. அன்று கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் மண்ணுக்கடியில் நல்ல தண்ணீர் இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பெரிய இழப்பு வந்தது அதற்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு. 1960களில் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் எழுந்தபோது, ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையில் எங்கே நீர் இருக்கிறது என்று ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆராய்ந்தார்கள். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் வரிசையாக ஆழ்குழாய்க் கிணறுகள் இறங்கின. ஆலைகள் எடுத்தன, நகரம் எடுத்தது, விவசாயிகளும் எடுத்தார்கள். எடுத்த அளவுக்கு மழை ஊறவில்லை. நல்ல தண்ணீர் விட்டுச்சென்ற இடத்தில் கடல் நுழைந்தது. 1960களின் இறுதியில் மீஞ்சூர்ப் பக்கம் சுமார் 3 கிலோமீட்டர் உள்ளே வந்திருந்த உப்பு, 1980களின் பிற்பகுதியில் சுமார் 9 கிலோமீட்டருக்குப் போனது. 1987-ல் சென்னைப் பெருநகர நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதற்குள் பல கிணறுகள் கெட்டுவிட்டிருந்தன.

பிறகு என்ன செய்தோம்? அதே மீஞ்சூருக்குப் பக்கத்தில் காட்டுப்பள்ளியில் கடலையே குடிநீராக்கினோம். 2010 ஜூலையில் தொடங்கிய அந்த ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரக்கூடியது. ஒப்பந்த விலை ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு. திருவொற்றியூர், எண்ணூர், ராயபுரம் பக்கமெல்லாம் இதை நம்பியிருக்கின்றன. 2019 வறட்சியில் இது இல்லாமல் போயிருந்தால் வடக்கின் நிலை இன்னும் மோசமாகியிருக்கும். அந்த ஆலையைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு கணக்கு மனதை உறுத்துகிறது. இலவசமாக ஊறிய தண்ணீரைப் பாதுகாக்க ஒரு தனி நிதியும் வைக்காத நகரம், அது உப்பாகிப் போன பின் அதே அளவு தண்ணீரைக் கடலிலிருந்து பிரிக்க ஒவ்வோர் ஆயிரம் லிட்டருக்கும் பணம் எண்ணிக் கொடுக்கிறது.

அந்த 2019-ஐ யாரும் மறந்திருக்க முடியாது. நாளொன்றுக்கு 83 கோடி லிட்டராக இருந்த விநியோகம் 52.5 கோடியாகச் சுருங்கியது. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தபோது, மாலை போட்டு வரவேற்றோம். ஐம்பது வேகன்கள், 25 லட்சம் லிட்டர்.

இப்போது ஒரு கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடிக் கூரையில் விழுவது மூன்று லட்சம் லிட்டருக்கு மேல். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் இரண்டரை லட்சம் லிட்டர் கையில் நிற்கும். பத்துக் கூரைகளின் ஒரு வருட மழை, இருநூறு சொச்சம் கிலோமீட்டர் கடந்து வந்த அந்த ரயிலின் ஒரு நடைக்குச் சமம். காசிமேட்டில் ஒரு கிரவுண்ட் வீடு அபூர்வம் என்பது உண்மைதான். 400 சதுர அடிக் கூரையும் வருடத்துக்கு 40,000 லிட்டர் தரும். பள்ளிக்கூடங்கள், மீன் ஏலக்கூடங்கள், அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகள், ஐஸ் ஃபேக்டரிகள், துறைமுகத்தைச் சுற்றிய கிடங்குகள் என்று பெரிய கூரைகளுக்கும் இங்கே பஞ்சமில்லை.

மணலுக்குள் மிதக்கும் தண்ணீர்

கடலுக்கு இத்தனை அருகில் மழையை மண்ணுக்குள் விட்டு என்ன பயன், உப்போடுதானே கலக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான சந்தேகம்தான், பதில் மண்ணின் இயற்பியலில் இருக்கிறது. நல்ல தண்ணீர் கடல்நீரைவிட லேசானது. கடலோர மணலுக்குள் அது உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி உயரத்துக்கு நல்ல தண்ணீர் தேங்கினால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி ஆழம் வரை உப்பைத் தள்ளி வைக்கும். நூறாண்டுக்கு மேலாக நிலத்தடி நீர் ஆய்வாளர்கள் கையாளும் தோராயக் கணக்கு இது. மறுபக்கமும் அதே கணக்குதான்: மேலே ஒரு அடி குறைந்தால், அடியில் உப்பு நாற்பது அடி ஏறப் பார்க்கும். கடலோரத்தில் ஒவ்வொரு மழைக்கும் மதிப்பு அதிகம். ஒவ்வொரு மோட்டாருக்கும் தண்டனையும் அதிகம். ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரையிலான மணல் பாங்கான தரை மழையை வேகமாக உறிஞ்சக்கூடியது. கான்கிரீட் போட்டு மூடாமல் விட்டால் போதும்.

தமிழ்நாட்டுக்கு இது தெரியாத பாடமும் இல்லை. 2003-ல் ஜெயலலிதா அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. உரிமையாளர் அமைக்காவிட்டால் உள்ளாட்சி அமைப்பே அமைத்து, அந்தச் செலவைச் சொத்துவரி போலவே வசூலித்துக்கொள்ளலாம். குடிநீர் இணைப்பையும் துண்டிக்கலாம் என்று சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. அந்த அச்சமும், அடுத்து 2005-ல் கொட்டிய பெருமழையும் சேர்ந்து நகரமெங்கும் கிணறுகளில் நீர் ஏறியது. சென்னையில் மழை இல்லம் நடத்தும் சேகர் ராகவன் போன்றவர்கள் தெருத் தெருவாகப் போய் விளக்கியதும் அதற்குத் துணை நின்றது. ஆனால் ஒரு விஷயத்தை அந்தச் சட்டம் தொடவில்லை. தொட்டியைக் கட்டச் சொன்னதே தவிர, ஆண்டுதோறும் அதைத் தூர்வாரி, மணலையும் ஜல்லியையும் மாற்றுவதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லவில்லை. பராமரிப்பில்லாத சேகரிப்புத் தொட்டி சில ஆண்டுகளில் குப்பைக் குழியாகிவிடுகிறது. ஒரு தனி நிதி வேண்டும் என்ற வாதம் எல்லாவற்றையும்விட இந்த இடத்தில்தான் வலுவாக நிற்கிறது. பராமரிப்புக்கு ரிப்பன் வெட்டு விழா கிடையாது. கடன் கொடுக்க உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் வரிசையில் நிற்காது. ஆண்டுதோறும் சிறுகச் சிறுக வரும் உள்ளூர்ப் பணம்தான் அதற்குப் பொருத்தம்.

யார் கொடுப்பது?

சரி, யாரிடம் வாங்குவது? ஒரு எளிய கணக்கு போடலாம். வட சென்னையில் ஒரு லட்சம் வீடுகளிடம் மாதம் 10 ரூபாய் வாங்கினால் வருடத்துக்கு 1 கோடியே 20 லட்சம் ரூபாய் சேரும். நாளொன்றுக்கு 3.3 கோடி லிட்டர் எடுக்கும் ஆலைகளிடம் ஆயிரம் லிட்டருக்கு ஒரே ஒரு ரூபாய் வாங்கினாலும் அதே 1 கோடியே 20 லட்சம் வந்துவிடும். மணலி, எண்ணூர், மீஞ்சூர் தொழிற்பட்டையின் பசி இதைவிடப் பெரியது என்பதற்கு ஒரு அடையாளம் போதும்: இந்த ஆலைகளுக்கென்றே 2019-ல் கொடுங்கையூரில் திறந்த கழிவுநீர் மறுசுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் தயாரிக்கக்கூடியது.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. சாக்கடை நீரைச் சுத்திகரித்து வாங்கும் ஆலை நல்ல காரியம் செய்கிறது. 1990களின் தொடக்கத்திலேயே மணலி ஆலைகள் கொடுங்கையூர்க் கழிவுநீரை வாங்கத் தொடங்கி நாட்டுக்கே முன்மாதிரியாக இருந்தன. அந்தத் தண்ணீரின் மேல் வரி போட்டால் தப்பான பக்கம் தள்ளுவதாகிவிடும். ஏரித் தண்ணீர், நிலத்தடி நீர், குடிநீர்க் குழாய் ஆகியவற்றிலிருந்து மொத்தமாக எடுப்பவர்கள் மேல்தான் அது விழவேண்டும். அடுத்து, பெரிய குடியிருப்புகள், ஹோட்டல்கள், கல்யாண மண்டபங்கள். மூன்று நான்கு பேர் ஒரே அறையில் வாழும் அரசு அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் தெருத் தொட்டியை நம்பியிருக்கும் குடும்பத்துக்கும் விலக்கு தந்தே ஆகவேண்டும். வருடத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடை. வருமானம் இல்லாத அந்த இரண்டு மாதமும் தண்ணீர் விலை உச்சத்தில் நிற்கும் கோடையும் ஒன்றாக வருவது காசிமேட்டின் தலைவிதி. அந்த நேரத்தில் இன்னொரு பில்லை நீட்டுவது அநியாயம்.

இதெல்லாம் நடக்க மீட்டர் வேண்டும். எவ்வளவு எடுத்தார் என்று தெரியாமல் அதிகம் எடுத்தவரிடம் அதிகம் வாங்க வழியில்லை. மீட்டர் இல்லாத நகரத்தில் கூடுதல் வரி தலைக்கு இவ்வளவு என்று ஆகிவிடும். தலைவரி எப்போதும் ஏழையைத்தான் முதலில் அழுத்தும். ஆகவே வீடுகளுக்குப் போகும் முன், ஏற்கெனவே மீட்டர் ஓடும் மொத்தப் பயனாளர்களிடம் தொடங்குவதே சரி.

சிங்கப்பூர் 1991-ல் இருந்தே தண்ணீர்ச் சேமிப்பு வரி வாங்குகிறது. மாதம் 40 கன மீட்டர் வரை தண்ணீர்க் கட்டணத்தில் 50 சதவீதம், அதற்கு மேல் 65 சதவீதம். பில்லில் தனி வரியாக அச்சாகும் அந்தத் தொகை ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீரின் அருமையைச் சொல்கிறது. அதே சமயம் அடுக்குமாடி அரசுக் குடியிருப்புகளில் வாழும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குத் தள்ளுபடியும் தருகிறார்கள். 2003-ல் தலைக்கு 165 லிட்டராக இருந்த அன்றாடப் பயன்பாடு 140 சொச்சத்துக்கு இறங்கியிருக்கிறது. அங்கே ஒவ்வொரு வீட்டிலும் மீட்டர் உண்டு என்பதை மறந்துவிட்டு அந்த ஊர் உதாரணத்தை இங்கே இறக்க முடியாது.

பக்கத்துப் பெங்களூரு இன்னொரு பாடம். 2009-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள்; செய்யாதவர்களுக்கு 2016 முதல் தண்ணீர் பில்லிலேயே அபராதம் சேர்த்தார்கள். பணம் கோடிக்கணக்கில் வந்தது. பலர் தொட்டி கட்டுவதைவிட மாதாமாதம் அபராதம் கட்டுவதே சுலபம் என்று இருந்துவிட்டார்கள். 2024 கோடையில் அந்த நகரம் தண்ணீருக்குத் தவித்ததை நாடே பார்த்தது. வசூல் வந்தது, மழை மண்ணுக்குள் போகவில்லை.

பூட்டும் சாவியும்

வட சென்னைக்காரர்களுக்கு உண்மையான சந்தேகம் தொகையைப் பற்றியது இல்லை. பணம் எங்கே போகும் என்பதுதான். அந்தச் சந்தேகத்துக்கு வரலாறு இருக்கிறது.

1977-ல் நாடாளுமன்றம் கொண்டுவந்த தண்ணீர் மேல்வரிச் சட்டத்தின்படி ஆலைகளும் உள்ளாட்சி அமைப்புகளும் எடுக்கும் தண்ணீருக்குப் பைசாக் கணக்கில் வரி கட்டின. மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்குப் பணம் சேர்ப்பதே நோக்கம். மணலி ஆலைகளிடம் வாங்கியதும் முதலில் டெல்லிக்குப் போகும். அங்கிருந்து ஒரு பங்கு மாநில வாரியத்துக்குத் திரும்பும். கொசஸ்தலையாற்றின் கரையில் இருப்பவர் கண்ணில் அது ஒருநாளும் பட்டதில்லை. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த வரி சத்தமில்லாமல் ரத்தானது.

நிலக்கரிக் கதை இதைவிடப் பெரியது. எண்ணூர்த் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி உட்பட நாட்டின் எல்லா நிலக்கரிக்கும் 2010 முதல் டன்னுக்கு 50 ரூபாய் தூய எரிசக்தி வரி விதித்தார்கள். 2016-ல் அது 400 ரூபாய் ஆனது. 2017-18 வரை 86,000 கோடி ரூபாய்க்கு மேல் வந்தது. அதற்கென்று அமைத்த நிதிக்குப் போய்ச் சேர்ந்தது 30,000 கோடிக்கும் குறைவு. திட்டங்களுக்குச் செலவானது அதிலும் பாதி அளவுதான். பிறகு அந்த வரி மாநிலங்களின் ஜி.எஸ்.டி. இழப்பீட்டுக்குத் திருப்பிவிடப்பட்டது. நிலக்கரிச் சாம்பல் விழுந்த ஆறு எண்ணூரில். அந்தச் சாம்பலின் பேரில் வந்த வரி எங்கோ.

நம்பிக்கை தரும் உதாரணமும் நம் வீட்டு ரசீதிலேயே இருக்கிறது. 1948-ல் எஸ்.ஆர். ரங்கநாதன் முயற்சியில் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. சொத்துவரியோடு சேர்த்து நூலக வரி வாங்கும் முறை அன்று பிறந்தது. இன்று ஒரு ரூபாய்ச் சொத்துவரிக்குப் பத்துப் பைசா. யாரும் அதைச் சுமையாக நினைப்பதில்லை. தெரு நூலகம் கண்ணெதிரே இருக்கிறதே! அந்த வரியிலும் ஓட்டை உண்டு. உள்ளாட்சிகள் வசூலித்த தொகையை நூலகத் துறைக்கு உரிய நேரத்தில் கொடுக்காமல் கோடிக்கணக்கில் பாக்கி வைப்பது ஆண்டுதோறும் செய்தியாகிறது. ஒருவர் வசூலித்து இன்னொருவருக்குக் கொடுக்கும் ஏற்பாட்டில் இந்தக் கசிவு எப்போதும் வரும்.

எக்குவடோர் நாட்டின் தலைநகர் கீட்டோ இதற்கு ஒரு தீர்வு கண்டது. 2000-ல் நகரக் குடிநீர் நிறுவனமும் ஒரு சூழல் அமைப்பும் சேர்ந்து ஃபோனாக் என்ற அறக்கட்டளை நிதியைத் தொடங்கின. முதலீடு சில பத்தாயிரம் டாலர்கள்தான். தண்ணீர் விற்பனை வருமானத்தில் ஒரு சதவீதம் அதற்குப் போனது. பிறகு நகராட்சி ஆணையால் அது படிப்படியாக இரண்டு சதவீதமானது. அதை அரசின் பொதுக் கணக்கோடு கலக்க முடியாதபடி நீண்டகாலச் சட்டப் பூட்டு போட்டார்கள். மேயர்கள் மாறினார்கள், நகரத்துக்கு நீர் தரும் மலைப்புல்வெளிகளைக் காக்கும் வேலை நிற்கவில்லை. கோடிகள் இல்லாமலும் இது முடியும். இமாச்சலப் பிரதேசத்தின் பாலம்பூர் நகராட்சி, தனக்குத் தண்ணீர் தரும் போஹல் ஊற்றின் காட்டைக் காப்பதற்காக மலைக் கிராமத்தாருக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் கொடுக்க 2010-ல் ஒப்பந்தம் போட்டது. தொகை சிறிது. யாருக்கு, எதற்கு, எந்த ஊற்றுக்கு என்பது மூன்றும் எழுத்தில் இருக்கிறது.

ராயபுரத்துக்குத் தெற்கே ஓடும் வால்டாக்ஸ் (மதில் வரி) சாலையின் பெயரிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. 1770களில் கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் கட்டிய கிழக்கிந்தியக் கம்பெனி, அந்தச் செலவை உள்ளே வாழ்ந்தவர்களிடம் வரியாக வாங்க நினைத்தது. சட்டப்படி செல்லுமா என்ற கேள்வியில் சிக்கி அந்த வரி வசூலாகவே இல்லை. கேட்காமல் தீர்மானித்த வரி அன்றும் இங்கே நிற்கவில்லை.

ஆகவே காசிமேட்டில் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்பதற்கு இடமும் இருக்கிறது. 2022-ல் வந்த விதிகளின்படி சென்னை மாநகராட்சியில் வார்டு குழுக்களும் ஏரியா சபைகளும் உண்டு. இந்த நிதி வாரியத்தின் பொதுக் கணக்கில் சேராமல் தனி வங்கிக் கணக்கில் இருக்கட்டும். வசூலான பகுதியிலேயே பெரும்பங்கு செலவாகட்டும். வடக்கின் பணம் தெற்கின் பூங்காவுக்குப் போகக் கூடாது. வரவும் செலவும் ஏரியா சபையில் வாய்விட்டுப் படிக்கப்படட்டும், சுவரில் ஒட்டப்படட்டும். எந்தத் தெருவில் எத்தனை உறைகிணறு இறக்கினார்கள், எந்தப் பள்ளிக்கூடத் தொட்டியைத் தூர்வாரினார்கள், கண்காணிப்புக் கிணற்றில் உப்பு எவ்வளவு குறைந்தது என்ற மூன்று விவரம் போதும். குழாயில் கழிவுநீர் கலந்து வரும் தெருக்களில் முதலில் குழாயைச் சரிசெய்ய வேண்டும். நாறும் தண்ணீருக்கு மேல்வரி கேட்க யாருக்கும் வாய் வராது.

இன்னொன்றையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். கொசஸ்தலையாற்றுப் படுகையில் ஆசிய வளர்ச்சி வங்கியின் 25.1 கோடி டாலர் கடனோடு 588 கிலோமீட்டர் மழைநீர் வடிகால் கட்டும் திட்டம் 2021-ல் ஒப்புதல் பெற்றது. அதில் மழையை மண்ணுக்குள் விடும் 23,000 வடிகுழிகளும் அடக்கம். வெள்ளத்தை வெளியேற்ற வடிகால் அவசியம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர் வீடுகளுக்குள் நுழைந்ததை அனுபவித்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் குழிகளில் ஆண்டுதோறும் சேறு அள்ள ஆளும் பணமும் இல்லையென்றால், சில மழைக்காலங்களில் அவை அடைபட்டு, மழை முழுவதும் கடலுக்கே போகும். கடன் வாங்கிக் கட்டியதைக் காப்பாற்றும் செலவுக்கு இந்த நிதி முதலில் பயன்படலாம். அந்தச் சேறு அள்ளும் வேலையைத் தடைக்காலத்தில் உள்ளூர்க் குடும்பங்களுக்கே கொடுத்தால், ஜூன் மாதத்தில் வேலை தேடும் கைகளுக்குக் கூலியும் ஆகும், அக்டோபர் மழைக்குக் குழிகள் தயாராகவும் இருக்கும்.